கோட்டை வாசலில் இருந்தவர்

இஸ்ஹாக் இப்னு தாவூத் என்ற பெயரைப் பவதாரணி தன் இருபத்திரண்டாவது வயதில் முதன்முதலாக வாசித்தாள். அவள் அரபு படிக்கப் போனதே வீட்டில் ஒருவருக்கும் விளங்காத காரியம். சுவிஸில் கூர் என்ற மலையடி நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்ற அவளுடைய அப்பா இரத்தினம், கோயிலில் காண்கிறவர்களிடம் "மகள் சூரிச்சில படிக்கிறா" என்று மட்டும் சொல்லுவார். என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இஸ்ஹாக் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர். காஸ்பியன் கடலுக்கும் மலைத்தொடருக்கும் நடுவில் இருந்த ஒரு கோட்டை நகரத்தில் கழுதைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அப்பா உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு மலைக்குள் போவார். மகனும் கூடப் போவான். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் வேறு வேறு பேச்சு. ஒரு கணவாயைத் தாண்டினால் தண்ணீருக்கு வேறு சொல், ரொட்டிக்கு வேறு சொல். வியாபாரத்துக்காகப் பழகிய காது அது. பிறகு பக்தாத் போய்ப் பத்து வருடம் இலக்கணம் படித்தார். அங்கேயே பெரிய ஆசிரியராக இருந்திருக்கலாம். அவரோ ஊருக்குத் திரும்பினார். அப்பாவின் கழுதையை எடுத்துக்கொண்டு மறுபடி மலைக்குள் போனார். இந்தமுறை உப்பு விற்க அல்ல, சொற்களை எழுதிக்கொள்ள.

முப்பது வருடம் இதையே செய்தார். நாற்பத்தேழு பள்ளத்தாக்குகள். எழுத்தே இல்லாத பேச்சுக்களை அரபு எழுத்தில் அடக்குவதற்காகப் புதிய புள்ளிகளைத் தானே உண்டாக்கினார். ஊர்ச் சனம் அவருக்கு லிஸானி என்று பட்டப்பெயர் வைத்தது; நாக்குக்காரர் என்று அர்த்தம். ஒருவன் வாயைத் திறந்து மூன்று சொல் சொன்னால், அவன் எந்தப் பள்ளத்தாக்கு, ஆற்றுக்கு எந்தக் கரை என்று சொல்லிவிடுவாராம். அவருடைய புத்தகத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள், மூன்று பகுதி. முதல் பகுதி சொற்கள். இரண்டாம் பகுதி, அந்தச் சொற்கள் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு எப்படி மாறுகின்றன என்ற விளக்கம். மூன்றாம் பகுதி பதினொரு தாள் மட்டும். கை நடுங்கி எழுதியது போலக் கிறுக்கலான எழுத்து. முன்பு அந்தப் பிரதியைப் பார்த்த இரண்டு பேரும் மூன்றாம் பகுதியைப் பிற்காலத்துச் சேர்க்கை என்று ஒதுக்கியிருந்தார்கள். பவதாரணியும் தன் ஆய்வேட்டில் முதல் இரண்டு பகுதிகளைத்தான் எடுத்தாள். மூன்றாவதை "தொடர்ச்சியற்றது" என்று ஒரு அடிக்குறிப்பில் முடித்தாள்.

ஆய்வேடு முடிந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. பாராட்டுக் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடம் ஒருவருக்குப் பதிலாகப் படிப்பித்தாள். பிறகு ஆறு மாதம். பிறகு ஒன்றுமில்லை. கூருக்குத் திரும்பிவந்து அப்பாவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்தாள். லிஸானியின் முழுப் புத்தகத்தையும் பதிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் விடவில்லை. தாள்களின் படங்கள் அவளுடைய கணினியில் இருந்தன.

அந்தக் காலத்தில்தான் தலைநகர் பேர்னில் இருந்து ஒரு அரச அலுவலகம் அவளைத் தேடிவந்தது. தஞ்சம் கேட்டு வருகிறவர்களில் சிலர் சொல்லும் ஊர் உண்மையா என்று சந்தேகம் வந்தால், அவர்களுடைய பேச்சை ஆராய்ந்து அறிக்கை எழுத ஆள் தேவை. தமிழ் தெரிந்த, மொழியியல் படித்த ஒருவர். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும். அவர்கள் யார் என்று உனக்குத் தெரியாது, நீ யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கம்.

பவதாரணி ஒப்புக்கொண்டாள். வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. இத்தனை வருடம் இறந்துபோன மொழிகளைத் தாளில் பார்த்தவளுக்கு, உயிரோடு ஒருவர் வாய் திறந்து பேசுவதைக் கேட்டு, இது வடமராட்சி, இது மட்டக்களப்பு என்று பிரித்தறிவதில் ஒரு சந்தோஷம். ஐந்து வருடத்தில் எழுபதுக்கு மேல் அறிக்கை எழுதினாள். பெரும்பாலும் சொன்ன ஊர்தான் சரி என்றே எழுதினாள். பொய் சொன்னவர்களைக் கண்டுபிடித்தபோதும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. கேட்டதை எழுதினாள், அவ்வளவுதான்.

அந்த மனிதரோடு அவள் கதைத்தது ஒரு மார்ச் மாதக் காலையில். கிளிநொச்சிக்குத் தெற்கே, காட்டை வெட்டி உண்டாக்கிய ஒரு குடியேற்றத்தில் பிறந்து வளர்ந்ததாகச் சொன்னார். தொடக்கத்தில் பயந்து பயந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். பயப்படுகிறவர்களை இலகுவாக்குவது பவதாரணிக்குத் தெரியும். வீட்டைப் பற்றிக் கேட்டாள், முற்றத்தில் நின்ற மரங்களைப் பற்றிக் கேட்டாள், பிறகு அம்மாவைப் பற்றி.

"அம்மா காலையில ரொட்டி சுட்டு அடுக்கி வச்சிருப்பாங்க" என்றார் அவர். "கொரங்கு வந்து அப்பிடியே தூக்கிட்டுப் போயிரும். அம்மா அகப்பையத் தூக்கிக்கிட்டு பீலி வரைக்கும் தொரத்துவாங்க. அது மரத்து மேல குந்திக்கிட்டு ஒண்ணொண்ணா பிச்சுத் திங்கும். அம்மாவுக்குக் காட்டிக் காட்டித் திங்கும்."

பவதாரணி உண்மையாகவே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு பேச்சு தடையில்லாமல் ஓடியது. கட் பண்ணும்போது, "ரொம்ப நன்றிங்க அக்கா" என்றார்.

ஒலிப்பதிவை மூன்று தரம் கேட்டு அறிக்கை எழுதினாள். 'வாங்கோ' வரவேண்டிய இடத்தில் 'வாங்க'. 'அவை' இல்லை, 'அவங்க'. 'இஞ்ச' இல்லை, 'இங்க'. 'ஓம்' என்று இரண்டு தரம், 'ஆமா' என்று பத்தொன்பது தரம். தண்ணீர்க் குழாய்க்கு 'பீலி'. அது கிளிநொச்சி இருக்கும் வன்னிப் பக்கத்தில் வழங்காத சொல் என்று குறித்தாள். கச்சான், பெடியள் போன்ற வடக்குச் சொற்களும் வந்தன. கேட்டுப் பழகிச் சொல்பவை என்று அதற்கு ஒரு வரி எழுதினாள். முடிவு: பேசுபவர் தான் கூறும் பிரதேசத்தில் வளர்ந்தவர் அல்ல, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். உறுதி அளவுக்கு ஐந்து படிகள் இருந்தன. மேல்படியை அடையாளமிட்டாள்.

நான்கு மாதம் கழித்து அந்த இலக்கத்தின் பேரில் ஒரு கடிதம் வந்தது. வழக்கறிஞர் ஆட்சேபித்திருக்கிறார், நிபுணரின் கருத்து தேவை என்றது. பெயர்கள் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தன. அடியில் வழக்கறிஞரின் பெயரை மட்டும் அடிக்க மறந்துவிட்டார்கள்: காஃப்லிஷ், கூர். மனுவில் இப்படி இருந்தது: மனுதாரரின் தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்து குடியேறியவர்கள், அங்கே அப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்டு, வீட்டில் அவர்கள் பேசுவது மலைநாட்டுப் பேச்சு, அது தமிழ்நாட்டுப் பேச்சுக்குக் கிட்டவாக இருக்கும்.

இது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. எங்கோ ஒரு கட்டுரையில் வாசித்திருந்தாள். வாசித்தது மனதில் ஒரு ஓரத்தில் கிடந்ததே தவிர, அப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதில்லை. அவள் வளர்ந்த வீட்டுக்கு வந்தவர்கள், கோயிலில் கண்டவர்கள், தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தவர்கள் எல்லாம் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்காரர்கள். வன்னிப் பேச்சும் அதோடு ஒட்டியதுதான் என்பது அவளுடைய கணக்கு. இன்னொரு தரம் ஒலிப்பதிவைக் கேட்டிருக்கலாம். அந்தக் கிழமை வேறு மூன்று அறிக்கை கொடுக்கக் கிடந்தது. அதோடு, மேல்படியில் அடையாளமிட்டதை இறக்குவது சின்ன விஷயமாகவும் தோன்றவில்லை. இரண்டு வரி எழுதினாள்: "மனுதாரரின் விளக்கத்தை முற்றாக மறுக்க முடியாது. ஆயினும் ஒலிப்பதிவில் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை." அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

அந்தக் குளிர்காலம் பதிப்பு வேலை மூன்றாம் பகுதிக்கு வந்தது. கூரில் உள்ள நூலகத்தில் யன்னலோர மேசை ஒன்றில் இருந்து, கிறுக்கல் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்து எழுதினாள். ஒரு நாளைக்கு ஆறு வரி, ஏழு வரி. இரண்டாம் தாளில் அவளுக்கு விளங்கிவிட்டது. இது வேறு ஒருவரின் சேர்க்கை அல்ல, அவருடைய கைதான். புள்ளிகள் அவர் உண்டாக்கிய புள்ளிகள். அவருக்கு வயதாகியிருந்தது, அவ்வளவுதான்.

மங்கோலியப் படை மலைக்கு அப்பால் வந்த வருடம் அது. மலைச்சனம் கூட்டம் கூட்டமாகக் கோட்டை நகரத்துக்கு ஓடிவந்தது. சில பள்ளத்தாக்குகள் படைக்குப் பணிந்துவிட்டன என்றும், அங்கிருந்து ஒற்றர்கள் அகதிகளோடு கலந்து வருகிறார்கள் என்றும் செய்தி. நகரத்து ஆளுநர் லிஸானியைக் கூப்பிட்டார். வாசலில் இரும். யார் எந்தப் பள்ளத்தாக்கு என்று உமக்குத் தெரியும். பணியாத இடத்து ஆட்களை உள்ளே விடும், மற்றவர்களைத் திருப்பி அனுப்பும்.

இரண்டு குளிர்காலம் அவர் வாசலில் இருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் உப்புக்கு என்ன சொல்வீர் என்று கேட்டார். நாற்பத்தேழு பள்ளத்தாக்கிலும் அதிகம் வேறுபடுகிற சொல் அதுதான். பதிலைக் கேட்டுக் கையைக் காட்டுவார். வலது கை என்றால் உள்ளே, இடது கை என்றால் வெளியே. வெளியே என்றால் பனி. "நான் ஒருபோதும் தவறியதில்லை என்று நகரம் சொன்னது, நானும் நம்பினேன்" என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு பெண் வந்தாள். முதுகில் பிள்ளை. மேல்பள்ளத்தாக்கு என்றாள். பேச்சும் அப்படித்தான் இருந்தது. உப்புக்கு மட்டும் கீழ்ப்பள்ளத்தாக்குச் சொல்லைச் சொன்னாள். அது பணிந்துபோன இடம். மேல்பேச்சைப் பழகிக்கொண்டு வந்தவள் என்று தீர்மானித்து இடது கையைக் காட்டினார். அவள் கெஞ்சவில்லை. பிள்ளையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனாள்.

இளவேனிலில் மேல்பள்ளத்தாக்குக் கிழவன் ஒருவன் வந்தபோது, பேச்சோடு பேச்சாக அவனிடம் இதைச் சொன்னார். கிழவன் சொன்னான்: எங்களுக்குப் பெண் எடுப்பதே கீழ்ப்பள்ளத்தாக்கில்தானே. எங்கள் வீடுகளில் பெண்களெல்லாம் உப்புக்கு அப்படித்தான் சொல்லுவார்கள். தாயிடமிருந்து கொண்டுவந்த சொல். உமக்குத் தெரியாதா?

தெரியாது. முப்பது வருடமும் அவர் ஆண்களிடம் மட்டுமே கேட்டிருந்தார். அந்நியனாகப் போனவருக்கு அடுப்படிக்குள் போக வழியில்லை. நாற்பத்தேழு பள்ளத்தாக்குச் சொற்களிலும் ஒரு பெண்ணின் சொல்கூட இல்லை. அந்த இரண்டு குளிர்காலத்தில் அவர் இடது கை காட்டிய பெண்கள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியவில்லை. மிச்சத் தாள்கள் முழுவதும் அவர்கள்தான். சிவப்பு நூலால் தலையைக் கட்டியிருந்தவள். ஒரு கண் மங்கியவள். ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள் வைத்திருந்த சிறுமி. ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர் உப்பைத்தான் கேட்டார், பெயரைக் கேட்கவில்லை.

கடைசித் தாளின் கீழே பிரதி எடுத்தவர் தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஆசிரியர் பெயர்களைக் கேட்டு அறிய மேல்பள்ளத்தாக்குக்குப் போனார். வாசலில் இருந்தவர் என்று அடையாளம் கண்டு அங்கே ஒருவரும் அவருக்கு வாய் திறக்கவில்லை. எங்கே இறந்தார் என்று தெரியாது.

பவதாரணி படத்தை மூடினாள். நூலகத்துக்கு வெளியே வந்து, மேலங்கியைக்கூடப் பூட்டாமல் அப்பாவின் வீட்டுக்கு நடந்தாள். இரத்தினம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

"அப்பா, பீலி எண்டா என்ன?"

"ஏன் இப்ப?"

"சொல்லுங்கோவன்."

"தண்ணி வாற குழாய். அது தோட்டக்காட்டுச் சனத்தின்ர சொல்."

"வன்னியிலயும் சொல்லுவினமோ?"

"அவை வன்னியில நிறையப் பேர் இருந்தவை எல்லோ. எழுபத்தேழுக்குப் பிறகு வந்த ஆக்கள். பரந்தனில எங்கட மாமாவின்ர வயலுக்கு அவைதான் கூலிக்கு வாறவை." இரத்தினம் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவையின்ர கதை இந்தியாக்காரற்ற மாதிரித்தான் இருக்கும். நாங்கள் பகிடி பண்ணுறது."

"நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை."

"நீ கேக்கேல்லையே பிள்ளை. அதை ஏன் சொல்லுவான்?"

அவள் அன்றே பேர்னுக்கு எழுதினாள். தன்னுடைய அறிக்கை தவறு, இரண்டாவது கருத்தும் தவறு, இரண்டையும் மீளப் பெறுகிறேன், காரணங்கள் இவை என்று ஏழு பக்கம். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி, குறித்த வழக்கு மேன்முறையீட்டிலும் நிராகரிக்கப்பட்டு ஏற்கெனவே முடிவுக்கு வந்துவிட்டது, புதிய விண்ணப்பம் எதுவும் இருந்தால் அதைச் சம்பந்தப்பட்டவரே செய்யவேண்டும்.

இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வைத்திருந்தாள். அதை மீறி வழக்கறிஞர் காஃப்லிஷுக்குப் போன் எடுத்தாள். "இதை நீங்கள் ஜூலையில் சொல்லியிருந்தால்" என்று தொடங்கிய அந்தப் பெண், வசனத்தை முடிக்கவில்லை. பெயரைச் சொன்னார்: மருதமுத்து நித்தியானந்தன். முப்பத்துநான்கு வயது. காணாமல்போன அண்ணனுக்காகப் போராட்டத்தில் நின்றபோது பிடித்துக்கொண்டு போய் அடித்திருக்கிறார்கள். இப்போது எங்கே? கூரில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள், மலைமேல். நிராகரிக்கப்பட்டவர்களை வைத்திருக்கும் வீடு ஒன்றில்.

ரயிலும் பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ்ஸும் எடுத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனாள். முன்பு பள்ளிப்பிள்ளைகளின் விடுமுறை வீடாக இருந்த பழைய மரக்கட்டடம். வாசலில் ஒருவர் பனியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். மெலிந்த ஆள், காதுவரை இழுத்த தொப்பி.

"நித்தியானந்தன் நீங்களோ?"

"ஓம். நீங்கள் ஆர்?"

"நான் பவதாரணி. கூரில இருக்கிறன். உங்களோட ஒரு விஷயம் கதைக்க வேணும்."

அவர் மண்வாரியைச் சுவரில் சாத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போனில கதைச்ச அக்கா" என்றார். "குரல் மறக்கேல்லை. உள்ளுக்கு வாங்கோ, குளிருது."

வாங்கோ. அந்தச் சொல் அவளை வாசற்படியில் நிறுத்திவிட்டது.

சமையலறையில் நீளமேசை ஒன்று. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். அவள் தொடங்கத் தெரியாமல் தொடங்கினாள். "நீங்கள் இப்ப எங்களை மாதிரித்தான் கதைக்கிறியள்."

"வெளி ஆக்களோட அப்பிடித்தான். பள்ளிக்கூடத்தில முதல் கிழமையே விளங்கிட்டுது. 'ஆமா' எண்டு சொன்னா எல்லாரும் சிரிப்பினம். ரீச்சரும் சிரிப்பா. பிறகு ஓம் எண்டு சொல்லப் பழகினன். படலைக்கு உள்ள ஒரு பேச்சு, வெளிய ஒரு பேச்சு."

"அண்டைக்கு ஏன் அப்பிடிக் கதைக்கேல்லை?"

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சு மெல்ல மாறியது.

"நீங்க அம்மாவப் பத்திக் கேட்டீங்க. வந்து ரெண்டு வருசத்தில ஒருத்தரும் அம்மாவப் பத்திக் கேட்டதில்ல. நீங்க சிரிச்சீங்க வேற. அம்மாவப் பத்தி அம்மா பேச்சுலதானே சொல்ல வரும்."

பவதாரணி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் எழுதினது பிழை. உங்கட லோயர் சரியாச் சொல்லியும் திரும்பப் பிழையா எழுதினன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"என்னான்னு எழுதினீங்க? இந்தியாக்காரன்னா, பொய் சொல்றான்னா?"

"ரெண்டும் ஒண்டுதான்."

அவர் தலையாட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்தத் தலையாட்டல் தாங்க முடியாமல் இருந்தது. "இந்தியா எம்பசிக்கும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவங்க ரெண்டு நிமிசத்தில சொல்லிட்டாங்க, நீ எங்க ஆளு இல்லைன்னு. சண்டையில எல்லாப் பேப்பரும் போயிருச்சு, இருந்த கொப்பியைச் செல்லாதுன்னுட்டாங்க. அதனால இலங்கைக்காரனும் இல்லையாம். காலையில ஒரு கையெழுத்து வைக்கணும். வேலை செய்யக் கூடாது. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். அதுக்கு ஒரு தேதியும் கிடையாதாம்."

"திரும்பக் கேஸ் போடலாம். நான் எழுதித் தாறன், லோயரும் சம்மதிச்சிட்டா. அம்மாவின்ர பிறப்புப் பதிவு தோட்டத்தில இருக்குமோ?"

"தங்கச்சிகிட்ட கேக்கணும்." ஒரு துண்டில் தங்கையின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். "எவ்வளவு காலம் எடுக்கும்?"

"தெரியாது."

"கெடைக்குமா?"

அவள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை வந்து, "கவனமாப் போங்கோ, வழுக்கும்" என்றார். பேச்சு மறுபடி வெளிப்பேச்சாகிவிட்டிருந்தது.

காஃப்லிஷ் விண்ணப்பத்தைத் தயார் செய்தார். பவதாரணி தன் ஏழு பக்கத்தைப் பன்னிரண்டு பக்கமாக்கினாள். கையெழுத்து வைக்கச் செவ்வாய்க்கிழமை பத்துமணிக்கு நித்தியானந்தன் கூருக்கு வரவேண்டும். பத்தரை ஆனது, பதினொன்றானது, அவர் வரவில்லை. பிந்திய பஸ்ஸில் வருவார் என்று பன்னிரண்டுவரை இருந்தார்கள்.

அடுத்தநாள் காலை அவள் மேலே போனாள். அவருடைய கட்டிலில் எரித்திரிய நாட்டவர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையில் இருந்து கையெழுத்து இல்லை, தலைமறைவு என்று அறிவித்தாயிற்று என்றார். கூட இருந்தவர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் ஜெர்மன் வந்தது. ஒரு பையோடு காலை பஸ்ஸில் மலையிறங்கிப் போனார், பிரான்ஸ் பக்கமாக இருக்கலாம், ஒன்றும் சொல்லவில்லை என்றார். அவருக்குக் கடந்த ஒரு மாதமாக நித்திரை இல்லை என்றும் சொன்னார்.

நான் போய்ச் சொன்னதால்தான் போனாரா? பவதாரணி இதைக் காஃப்லிஷிடம் கேட்டாள். காஃப்லிஷ் கோப்பைக் கட்டிக்கொண்டே, தெரியாது என்றார். சிலர் நம்பிக்கை இல்லாமல் வருடக்கணக்காக இருப்பார்கள், கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தால் அதன்பிறகு இருக்க முடியாமல் போய்விடும் என்றார். ஆறுதலுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

தங்கையின் இலக்கத்துக்கு மூன்று நாள் போன் எடுத்தாள். நான்காம் நாள் ஒரு பெண் எடுத்தார்.

"வணக்கம், ஆர் கதைக்கிறது?"

"நான் சுவிஸில இருந்து கதைக்கிறன். நித்தியானந்தன்ர..."

"நீங்கள் அந்தப் போனில கதைச்ச ஆளோ?"

"ஓம்."

"அண்ணை எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் உங்களுக்குச் சொல்லமாட்டம். இனி எடுக்காதேங்கோ."

ஒரு பிழையும் பிடிக்க முடியாத யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதற்குப் பின்னால் தூரத்தில், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவில், ஒரு வயதான குரல் கேட்டது. "யாரும்மா அது? தம்பியா?"

"யாருமில்லம்மா" என்றது தங்கையின் குரல். தொடர்பு அறுந்தது.

விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் போகாது. போயும் பயனில்லை. ஆள் எங்கே என்று தெரியாதவரின் கோப்பு தானாக மூடப்படும் என்று பேர்னில் இருந்து வந்த கடைசிக் கடிதம் சொன்னது. அதே கடிதத்தில் அவளுடைய ஐந்து வருடச் சேவைக்கு நன்றியும் இருந்தது. அவள் விலகிக்கொண்டாள். அவளுடைய இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். பழைய எழுபது அறிக்கைகளையும் மறுபடி பார்க்க அனுமதி கேட்டாள். ஒலிப்பதிவுகள் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்றார்கள்.

லிஸானியின் முழுப் பதிப்பு வரவில்லை. மூன்றாம் பகுதியை மட்டும் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஒரு ஆய்விதழுக்குக் கொடுத்தாள், பதினான்கு பக்கம். அதற்கு ஒரேயொரு கடிதம் வந்தது. ஏழாம் தாளில் ஒரு எழுத்தை அவள் தவறாக வாசித்திருப்பதாக ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான்.

இப்போது பவதாரணி கூரில் ஒரு பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி, பதிகிறாள். நித்தியானந்தனிடமிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.